மண்டபத்திலிருந்து படுகளத்துக்கு: திருவண்ணாமலை வட்டாரத்தில் பாரதக் கூத்து விழாவின் வளர்ச்சி

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர், செங்கம் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய செஞ்சிச் சீமையிலும் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா எடுக்கப்படுகிறது. பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கும் மேலாக நீளும் இவ்விழாவில் மூன்று செயல்கள் ஒருங்கே நடைபெறுகின்றன: பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்கிறார், இரவில் ஜமா எனப்படும் கூத்துக் குழு அதே கதையை விடியும்வரை ஆடுகிறது, குறிப்பிட்ட சில நாள்களில் பூசாரியும் ஊராரும் கதை நிகழ்ச்சிகளையே சடங்குகளாக நிறைவேற்றுகின்றனர். கூத்தை நாட்டார் கலை என்ற தலைப்பிலும், தீமிதியை நாட்டார் வழிபாடு என்ற தலைப்பிலும், வில்லிபாரதத்தை இலக்கிய வரலாற்றிலும் தனித்தனியே வைத்துப் பேசும் பழக்கத்தால் இம்மூன்றும் எப்போது, எதனால் ஒன்றாயின என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை. அரசரின் அறக்கொடையில் மண்டபத்துக்குள் வாசிக்கப்பட்ட நூல், ஊர் வரியில் வெட்டவெளியில் ஆடப்படும் சடங்காக மாறியதே இவ்விழாவின் வரலாறு என்றும், அம்மாற்றத்தின் போக்கில் கடைசியாக வந்து சேர்ந்த கூத்தரே இன்று சடங்குக்கு இன்றியமையாதவராகியுள்ளனர் என்றும் இக்கட்டுரை காட்ட முற்படுகிறது.

கூத்தரும் அவர் வழியும்

இவ்வட்டாரத்துக்கும் கூத்தருக்கும் உள்ள தொடர்பைச் சங்க இலக்கியத்திலிருந்தே தொடங்க முடியும். பத்துப்பாட்டின் இறுதி நூலாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்ற மறுபெயரும் உடையது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய அந்நூலின் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம்; நூலில் வரும் சேயாறு இன்றும் செய்யாறு என்ற பெயருடன் மாவட்டத்தின் ஊடே செல்கிறது; நவிரமலை பர்வதமலையாக அடையாளங்காணப்பட்டுள்ளது. முழவும் ஆகுளியும் பதலையும் குழலும் பையிலிட்டுச் சுமந்து, மலைவழியில் புரவலனைத் தேடிச் செல்லும் கூத்தர் குழுவை அந்நூல் காட்டுகிறது. அக்கூத்தருக்கும் இன்றைய ஜமாக்களுக்கும் குடிவழித் தொடர்ச்சி இருப்பதாகச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அப்படிச் சொல்லும் மேடைப் பேச்சுகளை ஒதுக்கிவிடலாம். ஆயினும் இசைக் கருவிகளைச் சுமந்து ஊர் ஊராகச் செல்லும் ஆட்டக்காரர் இந்நிலப்பகுதியின் பழைய காட்சி என்பதில் ஐயமில்லை.

செங்கம் பகுதியில் பல்லவர் காலம் முதலாகக் கிடைத்துள்ள நடுகற்களையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். மாடு பிடிக்க வந்தோரோடு பொருது இறந்தவர்களுக்கும், மாடு மீட்டு மாண்டவர்களுக்கும் எடுக்கப்பட்ட கற்கள் இவற்றுள் மிகுதி. பாரதக் கூத்தின் இரவுகளில் விராட பருவம் 'மாடுபிடி சண்டை' என்ற பெயரில் ஆடப்படுவதும், அது மழையைக் கொணரும் என்ற நம்பிக்கையால் விரும்பி வைக்கப்படுவதும், ஆநிரைப் போரை நெடுங்காலம் அறிந்திருந்த மக்களிடையே அக்கதைக்கு இருந்த வரவேற்பைப் புரிந்துகொள்ள உதவும்.

வாசிக்கப்பட்ட பாரதம்

தமிழகத்தில் பாரதம் முதலில் ஆடப்படவில்லை, வாசிக்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தில் சிவன் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு மானியம் ஒதுக்குகிறது. கோயில், மண்டபம், வாசிப்பவர், அவருக்கான நிலப்பங்கு என்ற இந்த ஏற்பாடு முற்றிலும் அரசும் பிரமதேயமும் சார்ந்தது. கேட்டவர் யாவர் என்பதைச் செப்பேடு பொருட்படுத்தவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பாவை இயற்றியபோது கதை தமிழ்ச் செய்யுளுக்கு வந்தது. 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழியால் அறியப்படும் அம்மன்னன் வெற்றி கொண்ட தெள்ளாறு, வந்தவாசிக்கு அருகில் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே உள்ளது. முழுமையாகக் கிடைக்காத அந்நூல் விழா வரலாற்றுக்கு முதன்மையான ஒரு செய்தியைத் தருகிறது: போருக்கு முன் அரவான் தன்னைக் களப்பலியாகக் கொடுக்கும் நிகழ்ச்சி அதில் இடம்பெற்றுள்ளது. வடமொழிப் பாரதத்தில் அருச்சுனனின் நாகமகன் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். களத்தில் காளிக்குத் தன்னையே பலியிட்டுக்கொள்பவன் தமிழ் அரவான். போர்க்களமும் பலிக்களமும் ஒன்றென எண்ணும் இக்கருத்து நூலிலிருந்து ஊருக்குச் சென்றதா, ஊரில் ஏற்கனவே இருந்து நூலுக்குள் ஏறியதா என்ற வினாவில், பின்னதற்கே வாய்ப்பு மிகுதி என்று தோன்றுகிறது. தலைப்பலியும் கொற்றவை வழிபாடும் பல்லவர் சிற்பங்களிலேயே காணப்படுவதால், புலவர் தாம் அறிந்த வழக்கத்துக்குக் கதையில் இடம் கொடுத்தார் என்பது இயல்பான விளக்கம்.

திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்த வில்லிபுத்தூரார், வக்கபாகை வரபதி ஆட்கொண்டானின் ஆதரவில் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பாடிய பாரதமே விழாவின் ஓதுநூலாக நிலைபெற்றது. இதற்கு அதன் சந்த விருத்தங்கள் பாடுதற்கு ஏற்றவை என்பது ஒரு காரணம். களப்பலியூட்டு சருக்கம் என்று அரவான் பலிக்குத் தனிப்பகுதியே ஒதுக்கியது மற்றொன்று. மூன்றாவது காரணம் நூலின் அளவு. பதினெட்டுப் பருவக் கதையை வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களில், பதினெட்டாம் நாள் போரும் அதை ஒட்டிய இரவுக் கொலையும் முடியுமிடத்தில் நிறுத்திக்கொண்டார். போருக்குப் பிந்தைய அறவுரைகளும் வானுலகப் பயணமும் அதில் இல்லை. விழாவும் துரியோதனன் வீழ்ச்சியோடு உச்சத்தை அடைந்து, தருமர் பட்டாபிஷேகத்தோடு முடிகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை விடுபட்ட பகுதிகளைச் சேர்த்து மும்மடங்குக்கும் மேலாக விரித்துப் பாடிய பின்னரும், பிரசங்கியார் சிலர் அதிலிருந்து கிளைக்கதைகளை எடுத்தாண்டார்களே தவிர, விழாவின் கட்டமைப்பு மாறவில்லை.

செஞ்சியில் தோன்றிய அம்மன்

நூல் ஊர்த்தெய்வத்தோடு சேர்ந்த இடம், திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் செல்லும் வழியிலுள்ள செஞ்சி. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி கோயிலே ஆதிக்கோயில் என்ற நம்பிக்கை வடார்க்காடு, தென்னார்க்காடு முழுவதும் பரவியுள்ளது. பாரதப் போருக்குப் பல தலைமுறைகளுக்குப் பின், செஞ்சிக் காட்டில் அரக்கன் ஒருவனை அழிக்கும்பொருட்டுத் திரௌபதி மீண்டும் தீயிலிருந்து தோன்றினாள் என்பதும், போத்துராசா அவளுக்குக் காவலன் ஆனான் என்பதும் தலக்கதை. முத்தால ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரனும் கோயிலின் வெளிக்காவலாக நிற்கிறான். அவனுக்குச் சுருட்டும் சாராயமும், அவன் குதிரைக்குக் கொள்ளும் படைக்கப்படுகின்றன. விசயநகரத்தார், நாயக்கர், பீசப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர் என அடுத்தடுத்துப் படைகள் தங்கிய ஒரு கோட்டையின் அடிவாரத்தில் இத்தகைய காவல் தெய்வம் உருவானதில் வியப்பில்லை.

இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபெய்டல், செஞ்சிப் பகுதியையே திரௌபதி வழிபாட்டின் மையமாகக் கொண்டு, அங்கிருந்து பிற பகுதிகளுக்கு அது பரவியதாகக் கருதினார். ஊர் நிலத்தில் வேளாண்குடிகளாகவும் படைக்குடிகளாகவும் இருந்த வன்னியர், தீயில் பிறந்த திரௌபதியைத் தம் அக்கினிக் குலத்தோடு இணைத்துப் போற்றினர். பிற சாதியார் நடத்தும் திரௌபதி கோயில்களும் உள்ளன. அரசர் மானியத்தில் இருந்த பாரதம் இந்தக் கட்டத்தில்தான் ஊராரின் பொறுப்புக்கு வந்தது.

இரவும் பகலும்

கொடியேற்றிக் காப்புக் கட்டியபின் விழா தொடங்குகிறது. பிற்பகலில் பிரசங்கியார் விருத்தங்களை இராகத்தோடு பாட, உடனிருப்பவர் பின்பாட்டுத் தர, வில்வளைப்பு, இராசசூய யாகம், சூதுபோர் எனக் கதை நாள்தோறும் நகர்கிறது. இரவு பத்து மணியளவில் ஆடுகளமாகிய களரியில் மேளக்கட்டு எழுகிறது; மத்தளம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவற்றோடு வாத்தியக்காரர் பின்னே அமர்கின்றனர். கட்டியக்காரன் வந்து அவையைச் சிரிக்க வைத்து, வரப்போகும் வேடத்தை அறிவிக்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று ராஜவேடம் திரை விருத்தம் பாடுகிறது. முதலில் சலங்கை கட்டிய கால்கள் மட்டும் திரைக்குக் கீழே தெரியும். பின் கிரீடத்தின் நுனி. திரை விலகியதும் புஜக்கட்டை, மார்புப்பதக்கம் ஆகியவற்றில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒளிர, வேடக்காரர் களரியைச் சுற்றி வந்து கிறிக்கி என்னும் விரைசுழற்சியை அடிக்கிறார். இலேசான மரத்தில் செதுக்கி வண்ணத்தாளும் கண்ணாடியும் ஒட்டிய இவ்வணிகலன்களைக் 'கட்டை' என்பதால், வேடம் கட்டி ஆடும் இக்கலைக்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் உண்டு.

கதை சொல்லுதலும் ஆடுதலும் இணையாக ஓடும் இவ்வேற்பாட்டில், சில நாள்களில் கதை களரியை விட்டு வெளியேறுகிறது. பகாசூரன் வதத்தன்று பீம வேடக்காரர் சோறு ஏற்றிய வண்டியோடு பகலில் தெருத்தெருவாகச் செல்கிறார். அருச்சுனன் தபசன்று களரியில் நட்டிருக்கும் உயர்ந்த தபசு மரத்தில் அருச்சுன வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுகிறார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு காத்திருக்க, அவர் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் விபூதியையும் மடியேந்துகின்றனர். வேடக்காரர் இங்கே அருச்சுனனாக நடிப்பதோடு நில்லாமல், பூசாரிக்குரிய பணியையும் ஏற்கிறார். ஓதுவதால் மட்டும் பிரசங்கியாருக்கு இந்த ஆற்றல் கிடைப்பதில்லை.

இம்மாற்றத்தின் முழுமையைப் படுகளத்தில் காணலாம். கோயில் முன்னுள்ள திடலில் குயவரும் பிறரும் சேர்ந்து மல்லாந்து கிடக்கும் துரியோதனன் உருவை மண்ணால் எழுப்புகின்றனர். பல ஊர்களில் அது முப்பது, நாற்பது அடிக்கும் மேல் நீளும். முகத்துக்கு வண்ணம் தீட்டி, மார்பில் அணிகலன் வரைந்து, தொடையில் குங்குமம் கரைத்த செந்நீர்க் கலயத்தைப் புதைத்து வைக்கின்றனர். பதினெட்டாம் போர் கூத்து இரவெல்லாம் நடந்து, விடிந்தபின் வேடக்காரர்கள் களரியைவிட்டுப் படுகளத்துக்கு வருகின்றனர். அரிதாரம் வியர்வையில் கரைந்த முகத்தோடு துரியோதன வேடக்காரர் தன் மண்ணுருவத்தின் மீதே ஏறி ஓட, பீம வேடக்காரர் கதாயுதத்தோடு அவரைத் துரத்திச் சுற்றிவந்து, கடைசியில் மண்தொடையை அடிக்கிறார். கலயம் உடைந்து செந்நீர் பெருக, அதைத் தொட்டு விரித்த கூந்தலை முடிகிறாள் திரௌபதி. காந்தாரி முறமும் துடைப்பமும் ஏந்தி மகன்மேல் விழுந்து ஒப்பாரி வைக்க, திடலில் நிற்கும் பெண்கள் உண்மையாகவே அழுவர். இரவுக் கொலையில் மாண்ட உபபாண்டவராகத் துணிபோர்த்திக் கிடத்தப்பட்ட பிள்ளைகளை அம்மன் அருளால் எழுப்பும் சடங்கும் சில ஊர்களில் உண்டு. கூட்டம் கலைவதற்குள் மண்ணுருவத்தைப் பிய்த்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துச் சென்று வயலிலும் தொழுவத்திலும் வைப்பர். அன்று மாலை தீமிதி. கூந்தல் முடிந்தபின்னரே அம்மன் தீக்குழிக்கு வருவாள் என்பது விதி. ஆதலால் துரியோதனன் விழாமல் தீமிதி இல்லை, வேடக்காரர் வராமல் துரியோதனன் விழுவதில்லை.

பெருங்கோயிலின் அருகில்

ஊர்ச் சடங்கு இவ்வாறு ஆடலாக இருக்க, அண்ணாமலையார் கோயிலின் ஆகம விழாக்கள் வேறு உலகத்தைச் சேர்ந்தவை என்று பிரித்துவிடுவதும் பொருந்தாது. கார்த்திகை தீபத் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு முந்தைய மூன்று நாள்களில் துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் ஆகிய காவல் தெய்வங்களுக்கு உற்சவம் நடைபெற்ற பின்னரே பெருவிழா தொடங்குகிறது. பிடாரி ஊர்த்தெய்வம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பத்தாம் நாள் மாலை அர்த்தநாரீசுவரர் சன்னதியிலிருந்து ஆடியபடியே வெளிப்பட்டுச் சில நிமிடம் மட்டும் காட்சிதர, அக்கணமே மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. தூக்குவோரின் தோள்களில் இறைவன் ஆடும் ஆட்டம் அது. தை மாதத் திருவூடலில் அம்மையும் அப்பனும் தெருவில் பிணங்குகின்றனர். சித்திரை வசந்த உற்சவம் மன்மத தகனத்தோடு முடிகிறது. ஆடிப்பூரத்தில் உண்ணாமுலையம்மன் சன்னதி முன் தீமிதி நடக்கிறது. வல்லாள மன்னனுக்கு மகனில்லாததால் இறைவனே மகனாகி, மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கும் வழக்கமும் கதையை நிகழ்த்திக் காட்டும் சடங்கே.

வேறுபாடு ஆடியவர் பிழைத்த வழியில் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிய 217 அடி உயர இராசகோபுரத்தின் வாயிலில் நாட்டியக் கரணங்கள் சிற்பங்களாக உள்ளன. அக்காலக் கோயில்களின் ஆடல் மகளிர் மானிய நிலங்களை நம்பி வாழ்ந்தனர். 1929இல் மானியங்களைப் பணியிலிருந்து விடுவித்த சட்டத் திருத்தமும், பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்த 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமும் வந்தபோது, அந்த ஆடல் கோயிலைவிட்டு வெளியேறி, சபா மேடைகளில் வேறு சமூகத்தாரின் கையில் பரதநாட்டியமாயிற்று. கூத்து இச்சட்டங்களுக்குள் அகப்படவில்லை. ஆடியவர் ஆண்கள் என்பதோடு, அவர்களுக்கு இழக்க மானியமும் இல்லை. ஊரார் தலைக்கட்டு வரி வசூலித்து, வெற்றிலை பாக்கு வைத்து ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பேசி முடிக்கும் ஒப்பந்தமே அவர்களின் வாழ்வு.

தலைக்கட்டு வரிக்கு மறுபக்கமும் உண்டு. வரி கொடுப்பவரே ஊரார், ஊராருக்கே பரிவட்டமும் முதல் மரியாதையும் என்ற கணக்கில், வரி கேட்கப்படாத சேரி மக்கள் விழாவின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பறையடிக்க அழைக்கப்பட்டவர் கோயிலுக்குள் நுழைய முடியவில்லை. தண்டராம்பட்டுப் பகுதியிலுள்ள தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 சனவரி 30 அன்றுதான் காவல்துறைப் பாதுகாப்போடு சென்று வழிபட முடிந்தது. அதே ஆண்டு சூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இதே சிக்கலால் திரௌபதி அம்மன் கோயிலே பூட்டி முத்திரையிடப்பட்டது. ஊர்க்கலை என்று பாராட்டும் எழுத்துகள் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

அச்சும் கடலும் மேடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மரபு இரு வழிகளில் பரவியது. சென்னையில் பதிப்பகத்தார் பெரிய எழுத்தில் அச்சிட்ட மலிவு நூல்களில் கூத்து நாடகங்கள் சந்தைக்கு வந்தன. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் மொரீசியசு, ரீயூனியன், பிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குத் தீமிதியைக் கொண்டு சென்றனர். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் இலங்கையின் உடப்பு, பாண்டிருப்பு திரௌபதி கோயில்களிலும் பாரதச் சடங்கும் தீயும் இணைந்தே இன்றும் நிகழ்கின்றன. வேறு நிலத்தில் விழா தொடர்வதற்கு அம்மனும் தீயும் போதுமானவையாக இருந்தன. விடியவிடியக் கூத்து ரீயூனியன் போன்ற சில இடங்களிலேயே வேர்கொண்டது.

திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் ஐந்து தலைமுறையாகக் கூத்தை நடத்தி வருகின்றனர். நடேசத் தம்பிரான், கண்ணப்பத் தம்பிரான் ஆகியோரின் ஆட்டத்தைக் கண்ட எழுத்தாளர் ந. முத்துசாமி, தமிழ் நாடகத்துக்கான இலக்கணம் இதில் உள்ளது என்று எழுதியும் பேசியும் வந்தார். 1977இல் அவர் நிறுவிய கூத்துப்பட்டறைக்குக் கண்ணப்பத் தம்பிரான் ஆசிரியராக வந்து பயிற்சியளித்தார். காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கமும், 2002இல் அது நிறுவி 2020 வரை நடத்திய குருகுலமும் சிறுமியருக்கும் வேடம் கட்டப் பயிற்சி தந்தன. பாரிசின் சூரிய நாடகக் குழு 2016இல் மேடையேற்றிய படைப்பில் கூத்துப் பகுதிகள் இடம்பெற, அதன் நடிகர்களுக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் பயிற்சியளித்தார். அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவ்வகையில் கூத்துக்குக் கிடைத்த மதிப்பு உண்மையானது. ஆனால் மேடைக்குச் சென்றது இரண்டு மணிநேரக் கூத்து. எலுமிச்சம்பழம் எறிவதற்கும் தொடையில் அடிப்பதற்கும் அங்கே தேவை எழவில்லை.

ஊர்களில் நேர்ந்துள்ள மாற்றம் வேறு வகையினது. தீப்பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸும், அது போய்க் குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன; தொலைக்காட்சியும், சென்னை, பெங்களூரு நகரங்களில் வேலைக்குச் சென்ற இளைஞரின் குறுகிய விடுப்பும், ஏறிவரும் செலவும் சேர்ந்து பதினெட்டு இரவுகளைப் பத்தாகவும் எட்டாகவும் குறைத்துவருகின்றன. எவை விடப்படுகின்றன என்பதே ஆய்வுக்கு உரியது. பிரசங்கம் கேட்போர் சில முதியவர் என்ற அளவுக்குச் சுருங்கியுள்ளது. திருமணக் கதைகளும் தூதும் ஓர் இரவில் அடக்கப்படுகின்றன அல்லது நீக்கப்படுகின்றன. கூரம் மண்டபத்தில் எதற்காக மானியம் ஒதுக்கப்பட்டதோ அந்த வாசிப்பே முதலில் தேய்கிறது. தபசையும் பதினெட்டாம் போரையும் எந்த ஊரும் எளிதில் நீக்குவதில்லை. மடியேந்த நேர்ந்துகொண்ட பெண்களும், படுகளத்து மண்ணுக்காக வருவோரும், தீயிறங்கக் காப்புக் கட்டியவர்களும் இருக்கும்வரை, காலையில் களத்துக்கு வர வேடம் கட்டிய இருவருக்காவது ஊர் தாம்பூலம் வைத்தாக வேண்டியிருக்கிறது.